காடும் துவக்கும் – பகுதி 6: அரைக் கிரவுன் வரி

இதுவரை: கண்டி மன்னர்களின் காலத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடு கிராமத்தின் வாழ்வோடு கலந்திருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரின் கைக்குப் போனது. அதன் பின் கோப்பி வந்தது. மாத்தளை, இரத்தோட்டை, கம்மடுவை மலைச்சரிவுகள் கோடரிக்கு இரையாகத் தொடங்கின. காடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி சென்ற வாரம் எழுந்தது. இந்த வாரம், அந்தக் காட்டின் ஓரத்தில் பரண் கட்டிக் காவல் இருந்தவனின் கையிலிருந்த துவக்குக்கு அரசு விலை வைத்த கதை.

*

குரக்கன் கதிர் முற்றும் காலத்தில், காட்டை வெட்டிப் பயிரிடும் சேனைக்காரனுக்கு உறக்கம் இல்லை. பொழுது சாய்ந்ததும் காட்டிலிருந்து விலங்குகள் இறங்கும். முதலில் பன்றி. பிறகு மரை. கிழக்கே லக்கல பக்கத்து வறண்ட சரிவுகளில் புள்ளிமான் கூட்டம். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு போய்விடும்.

அதனால் சேனையில் பரண் இருந்தது. பரணில் ஒரு நாயும் ஒரு துவக்கும் இருந்தன.

அந்தத் துவக்கு வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் வகை. நம் பக்கத்தில் இடியன் துவக்கு என்பார்கள். குழலின் வாயில் அளந்து மருந்தைக் கொட்ட வேண்டும். மேலே தேங்காய்த் தும்பு வைத்துக் கோலால் இடிக்க வேண்டும். அதன் மேல் ஈயக்குண்டு அல்லது சன்னம். மறுபடி தும்பு, மறுபடி இடி. பிறகு பற்றவைக்கும் கிண்ணியில் சிட்டிகை மருந்து. பழகிய கைக்கே அரை நிமிடம் பிடிக்கும். மழைத்தூறல் விழுந்து மருந்து நனைந்தால் அந்த இரவுக்குத் துவக்கு வெறும் தடி.

குழலின் உள்ளே வரிப்பள்ளம் கிடையாது. குண்டு ஐம்பது அறுபது யார் தாண்டினால் எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. ஆகவே வேட்டைக்காரன் விலங்கின் பக்கத்தில் போக வேண்டும். காற்றின் திசை பார்க்க வேண்டும். கிடைப்பது ஒரே வெடி. அது தவறினால் புகைக்குள் மரை மறைந்துவிடும்.

விழுந்தால் ஊருக்குப் பங்கு. மிஞ்சிய இறைச்சி உப்பிட்டு வத்தலாகி அடுப்பின் மேல் தொங்கும். தோலும் கொம்பும் வியாபாரிக்குப் போகும்.

இந்த ஆயுதம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. கண்டிக் கொல்லர்கள் நீண்ட குழலும், குழலின் இடப்பக்கத்தில் விசைப்பொறியும் வைத்துத் துவக்குச் செய்தார்கள். பெருந்தலைவர்களுக்கானவற்றில் வெள்ளியும் தந்தமும் பதித்தார்கள். இன்று அரும்பொருட்காட்சிச் சாலைகளில் அவற்றைக் காணலாம்.

மருந்தும் இந்த மலையிலேயே பிறந்தது. நக்கிள்ஸ் தொடரின் நடுவே மீமுரைக்குப் போகும் வழியில் ஒரு வெடியுப்புக் குகை இருந்தது. வௌவால் எச்சம் படிந்த அந்தக் குகையின் மண்ணை மரச்சாம்பலோடு கலந்து, நீர் விட்டு வடித்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். ஆங்கிலேய மருத்துவர் ஜோன் டேவி அங்கே போய்ப் பார்த்து, 1821இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மன்னனின் படைக்கு உதவிய உப்பு அது.

ஆக, மலையில் துவக்கு இருந்தது, மருந்து இருந்தது, இறைச்சி இருந்தது. இவற்றில் எதற்கும் கொழும்பிலிருந்து யாரும் ஆண்டுக் கட்டணம் கேட்டதில்லை.

*

ஐந்து ஷில்லிங் காடு

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்றது அந்தச் சட்டம். நிரூபிக்கும் பாரம் கிராமத்தவனின் தலையில் விழுந்தது. சன்னஸ் எனும் மன்னரின் காணிப் பட்டயம் எங்கே? வரி கட்டிய சான்று எங்கே?

சேனை நிலம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெட்டப்படும். இடையில் அது காடாகிவிடும். சட்டத்தின் கண்ணுக்கு அந்த இடைவெளி ‘பயிரிடப்படாத நிலம்’. கிராமத்தவனின் கண்ணுக்கு அது ஓய்வெடுக்கும் சேனை.

முடிக்குரியது ஆன காட்டை அரசு விற்றது. 1844 வரை ஏக்கர் ஒன்றின் விலை 5 ஷில்லிங். அதன் பின் குறைந்தபட்ச விலை ஒரு பவுண். வாங்கியவர்களில் தோட்டத்துரைகளோடு அரசின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். நிலத்தை விற்கும் மேசையின் இரு பக்கத்திலும் ஒரே வர்க்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த 5 ஷில்லிங் என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

*

திறைசேரியில் ஓட்டை

1847இல் டொரிங்டன் பிரபு தேசாதிபதியாகக் கொழும்பில் வந்திறங்கினார். முப்பதுகளின் நடு வயது. குடியேற்ற நாடு எதையும் ஆண்ட அனுபவம் இல்லை.

அவர் வந்த வேளை கெட்ட வேளை. அதே ஆண்டு இலண்டனில் வணிக நெருக்கடி வெடித்தது. கோப்பியின் விலை சரிந்தது. கடன் வாங்கிக் காடு வெட்டிய துரைகள் பலர் கையைப் பிசைந்தார்கள். கோப்பியை நம்பியிருந்த அரசின் வருமானமும் சரிந்தது.

அப்போது எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் திருப்பம். குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் தயாரித்த நிதி அறிக்கையின் வழியில், கோப்பி ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. துரைகளின் தோளிலிருந்து சுமை இறங்கியது. அந்த இடைவெளியை நிரப்ப வேறு தோள்கள் தேவைப்பட்டன.

அவை கிராமத்தில் கிடைத்தன.

துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங், அதாவது அரைக் கிரவுன். நாய் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். கடைக்கு ஒரு பவுண். வண்டிக்கும் வள்ளத்துக்கும் தனி வரி. இவற்றோடு தெருச் சட்டம்: 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். புத்த பிக்குகளும் இந்த வலைக்குள் அகப்பட்டார்கள்.

இனி அந்தப் பழைய எண்ணை எடுத்துக் கணக்குப் போடலாம்.

இரண்டு இடியன் துவக்குகளுக்கு ஓராண்டு வரி 5 ஷில்லிங். சில ஆண்டுகளுக்கு முன் துரை ஒருவர் ஓர் ஏக்கர் காட்டை என்றென்றைக்கும் வாங்கிக்கொண்ட விலையும் அதுவே. ஒரு துவக்கும் ஒரு நாயும் வைத்திருந்த சேனைக்காரன், வீதி வேலைக்குப் போக முடியாமல் பணம் கட்டினால், ஆண்டுக்கு ஆறரை ஷில்லிங் கட்ட வேண்டும். அது ஓர் ஏக்கர் காட்டின் பழைய விலையைத் தாண்டிவிட்டது.

பணமே அரிதாகப் புழங்கிய கிராமம் அது. நெல்லும் குரக்கனும் உழைப்பும்தான் அங்கே நாணயம். அரைக் கிரவுன் வெள்ளிக்காசுக்கு அவன் எதையாவது விற்க வேண்டும்.

வரியின் தொகை மட்டும் அவனைச் சுட்டது என்று சொல்லிவிட முடியாது. துவக்கையும் நாயையும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதே அச்சத்தை ஊட்டியது. இன்று துவக்கை எண்ணுகிறவர்கள் நாளை எதை எண்ணுவார்கள்? பிள்ளைகளையா? மரங்களையா? வதந்தி ஊர் ஊராகப் போனது. மக்களின் மொழியில் வந்து விளக்கிச் சொல்ல அரசுக்கு ஆள் போதவில்லை. கிராமத்துக்கும் அரச அலுவலகமான கச்சேரிக்கும் இடையே இருந்த பழைய தலைவர்களின் செல்வாக்கைப் பிரித்தானிய ஆட்சியே தளர்த்தி வைத்திருந்தது.

*

1848, ஜூலை

ஜூலை 1ஆம் திகதி வரிகள் நடைமுறைக்கு வந்தன.

ஜூலை 6ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் கண்டிக் கச்சேரியின் முன்னே கூடினார்கள். மத்திய மாகாண அரசாங்க அதிபர் புல்லரிடம் முறையிட வந்தவர்கள் அவர்கள். கூட்டம் அன்று கலைந்தது. கோபம் கலையவில்லை.

மலைநாட்டுக்கு வெளியே பிறந்த இருவர் இந்தக் கோபத்துக்குத் தலைமை தந்தார்கள். ஒருவர் பேலியகொடையைச் சேர்ந்த கொங்காலேகொட பண்டா. மற்றவர் மொரட்டுவையைச் சேர்ந்த வீர புரன் அப்பு. காணி இழந்த மலைக்கிராமங்கள் இவர்களை ஏற்றுக்கொண்டன. பழைய பிரதானிகளில் பெரும்பாலானோர் ஒதுங்கி நின்றார்கள்.

ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். அங்கிருந்து கூட்டம் தெற்கே நடந்தது.

அவர்கள் நடந்த பாதையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், கங்காணியின் பின்னே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குக் கால்நடையாக வந்த அதே வடபாதை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை ஓரத்தில் விட்டு வந்த பாதை. கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வந்த வழியிலேயே கோப்பிக்கு எதிரான சீற்றமும் வந்தது.

ஜூலை 28. மாத்தளை விழுந்தது. கச்சேரியின் உள்ளே புகுந்தவர்கள் வரிப்பதிவுகளை அழித்தார்கள். துவக்கின் பெயரும் நாயின் பெயரும் எழுதப்பட்ட தாள்கள்தாம் அவர்களின் முதல் எதிரி. கோப்பிக் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. 1803இல் கட்டப்பட்ட மக்டோவல் கோட்டையும் தாக்கப்பட்டது. மாத்தளை நகரில் அந்தக் கோட்டையின் வாயிலை இன்றும் பார்க்கலாம்.

கிழக்கே சில மைல் தொலைவில் இரத்தோட்டைச் சரிவுகள். அவற்றின் பின்னே நக்கிள்ஸ் காடு. தோற்றால் ஓடி ஒளிய இடம் உண்டு என்ற நம்பிக்கையை மாத்தளைக்குத் தந்தது அந்த மலைதான்.

*

வாரியபொல

மறுநாள், ஜூலை 29. கண்டியிலிருந்து கப்டன் லில்லியின் படை மாத்தளையை நோக்கி வந்தது. வாரியபொலவில் படையும் கிளர்ச்சிக் கூட்டமும் சந்தித்தன.

இந்த இடத்தில் சற்று நின்று ஆயுதங்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம், வரிசையாக நின்று ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் சுடப் பழகிய படை. முதல் வரிசை சுட்டு முடித்து மருந்து இடிக்கும்போது அடுத்த வரிசை சுடும். அரை நிமிடத் தாமதத்தைப் பயிற்சியால் வென்ற படை அது.

மறுபக்கம், மரையையும் பன்றியையும் சுடப் பழகிய கைகள். மறைந்திருந்து, காத்திருந்து, ஒரே வெடியில் வீழ்த்தும் கலை அவர்களுடையது. திறந்த வெளியில் அந்தக் கலைக்கு இடமில்லை. முதல் வெடிக்குப் பின் இடித்து நிரப்புவதற்குள் எதிரி அருகில் வந்துவிடுகிறான். பலரிடம் துவக்கே இல்லை. கத்தியும் தடியும் வைத்திருந்தார்கள்.

மோதல் நீளவில்லை. கூட்டம் சிதறியது. புரன் அப்பு பிடிபட்டார். அன்றே இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

கலகம் முழுவதிலும் கிட்டத்தட்ட 200 கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அரச படையில் காயமடைந்தவர் ஒருவர். வரி விதிக்கப்பட்ட துவக்குகளின் போர்த்திறன் இவ்வளவுதான். சேனையைக் காப்பதற்கே செய்யப்பட்ட கருவி அது. அந்த உண்மையை வாரியபொல நிரூபித்தது. அரசு அதைப் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டி போகம்பரையில் வீர புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். குடாப்பொல தேரர் என்ற பிக்குவும் சுடப்பட்டார். அந்தச் செய்தி இலண்டன் வரை போய் ஆட்சியாளரை உலுக்கியது.

*

எல்கடுவக் குகை

கொங்காலேகொட பண்டா அகப்படவில்லை. அவரது தலைக்கு 150 பவுண் வெகுமதி அறிவிக்கப்பட்டது.

துவக்கு ஒன்றுக்கு அரைக் கிரவுன் என்றால் 150 பவுண், 1,200 துவக்குகளின் ஓராண்டு வரி.

ஆகஸ்ட் போனது. செப்டெம்பரும் பாதி போனது. இரத்தோட்டைக்குத் தெற்கே, நக்கிள்ஸின் மேற்கு விளிம்பில் இருக்கும் எல்கடுவ மலையில் ஒரு குகை அவருக்குப் புகலிடம் தந்தது. அந்த மலைகளில் மறைந்து வாழ்வதற்கு வேட்டைக்காரனின் அறிவு வேண்டும். நீர் எங்கே ஊறும், எந்தத் தடத்தில் ஆள் வருவான், புகை எழாமல் எப்படிச் சமைப்பது என்று அறிந்தவர்களின் துணை வேண்டும். ஏறத்தாழ எட்டு வாரம் அவர் தப்பியிருந்தார் என்பதே அந்தத் துணை கிடைத்ததற்குச் சான்று.

செப்டெம்பர் 21ஆம் திகதி மலாய்ச் சிப்பாய்கள் அவரைப் பிடித்தார்கள்.

நவம்பரில் விசாரணை. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. 1849இல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கேயே இறந்தார்.

*

அதே ஆண்டு, நுவரெலியா

எல்கடுவவில் தேடுதல் நடந்த அதே 1848இல், தெற்கே நுவரெலியாவில் இன்னொரு வேட்டைக்காரர் குடியேறினார். பெயர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் புகழ்பெற்றவர் இவரே.

பேக்கர் அரசிடமிருந்து ஏக்கருக்கு 20 ஷில்லிங் கொடுத்து நிலம் வாங்கினார். இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்தார். நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் மரையை நாய்களால் துரத்தி, ஆற்றில் மடக்கி, கத்தியால் குத்திக் கொல்வது அவரது வேட்டை முறை. தாழ்நிலக் காடுகளில் யானைக்கும் எருமைக்கும் மானுக்கும் துவக்கு எடுத்தார். அவரது துவக்குகளில் ஒன்றின் எடை 21 இறாத்தல். அதுவும் வாய்வழி மருந்து இடிக்கும் வகைதான். ஆனால் குழலில் வரிப்பள்ளம் வெட்டிய, தேர்ந்த கொல்லரின் படைப்பு.

1854இல் அவர் தம் இலங்கை வேட்டையை நூலாக வெளியிட்டார். ஐரோப்பா அதை விரும்பிப் படித்தது.

பேக்கரையும் சேனைக்காரனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொடரின் மையக் கேள்வி துலங்குகிறது. இருவரின் கையிலும் துவக்கு. இருவரின் பக்கத்திலும் நாய். இருவரும் போனது முடிக்குரிய காட்டுக்கு. ஒருவரின் வேட்டை வீரக்கதையானது. மற்றவனின் வேட்டை, வரி கட்டாவிட்டால் குற்றமானது. விலங்கின் எண்ணிக்கையையோ காட்டின் நலத்தையோ கருதி இந்தக் கோடு போடப்படவில்லை. 1848இல் மானைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்படவில்லை. கோடு விழுந்தது, சுடுகிறவன் யார் என்பதைப் பொறுத்து.

*

எது போனது, எது நின்றது

இராணுவச் சட்டம் ஒக்டோபரில் நீங்கியது. வெறுப்பை விளைத்த வரிகளில் பலவற்றை அரசு கைவிட்டது. பிக்குகளை வீதி வேலைக்கு இழுக்கும் விதியும் மாறியது. பிரித்தானிய நாடாளுமன்றம் தெரிவுக்குழு அமைத்து விசாரித்தது. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார்.

கிராமத்தவன் வென்றதுபோல் தோன்றும். ஆனால் 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தை யாரும் தொடவில்லை. காடு முடிக்குரியதாகவே இருந்தது. விற்பனையும் தொடர்ந்தது. இரத்தோட்டைக்கு மேலே கோப்பித் தோட்டங்கள் இன்னும் உயரமாக ஏறின. மரை மேலே மேலே ஒதுங்கியது. சேனைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் காடு மெலிந்தது.

துவக்கு அனுமதிப்பத்திரம் என்ற எண்ணமும் சாகவில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. இரத்தோட்டையில் பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு வைத்திருக்கும் விவசாயி இன்றும் ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பன்றியும் குரங்கும் தோட்டத்தில் இறங்கும் பருவம் இன்றும் அவனுக்கு உறக்கமில்லாத பருவம்தான்.

வேட்டையின் நிலையோ தலைகீழாக மாறிவிட்டது. நக்கிள்ஸ் இன்று பாதுகாக்கப்பட்ட வனம். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அங்கே மரையையோ மானையோ சுடுவது குற்றம். காட்டு விலங்குகளைக் காக்கும் அந்தத் தடையை இத்தொடர் முழுமனதோடு ஆதரிக்கிறது. ஆளில்லாமல் வெடிக்கும் கட்டுத்துவக்கு இன்று சிறுத்தையையும் மனிதரையும் வேறுபாடின்றிக் கொல்கிறது. அதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அந்தத் தடை கிராமத்தின் காதில் ஏன் இன்னும் அந்நியச் சட்டமாகவே ஒலிக்கிறது என்பதை 1848ஐப் படிக்காமல் விளங்கிக்கொள்ள முடியாது. அரசு கிராமத்தவனிடம் முதலில் வந்தது மானைக் காக்க அல்ல, அரைக் கிரவுன் வாங்க.

இனி வரும் அத்தியாயத்தில் ஒரு விசித்திரமான மாற்றம் காத்திருக்கிறது. மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஆவதற்குள், 1891இல், யானை, எருமை முதலிய வேட்டை விலங்குகளை வரைமுறையின்றி அழிப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வருகிறது. 1894இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் பிறக்கிறது. அதில் முன்னின்றவர்கள் துரைகளும் துவக்கேந்திய வேட்டைப் பிரியர்களுமே.

காட்டை ஏக்கர் கணக்கில் வெட்டியவர்கள், மானின் காவலர்களாக எப்படி மாறினார்கள்? அவர்கள் காக்க நினைத்தது மானையா, தங்கள் வேட்டையையா?

(அடுத்த வாரம் தொடரும்)